மூன்றாவது சோதனை

அடுப்பு கூப்பிடவில்லை. நாற்பது நிமிடம் திருகி வைத்துவிட்டுக் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள் மெரிடித். வடக்குக் காற்று காலையிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி அரை மணியில் காய்ந்து, இன்னொரு அரை மணியில் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். அதனால் அவசர அவசரமாக உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதலில் வாசனைதான் வந்தது. ஓடி வந்து திறந்தபோது ஜெர்மன் கேக்கின் மேல் தூவிய வெண்ணெய்ப் பொடி கரியாகியிருந்தது. நேரமானி பூஜ்யத்தைத் தாண்டிப் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அடுப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து முகப்புத் தகட்டைப் பார்த்தாள். திருகாணிகளின் தலையில் புதுக் கீறல். கழற்றினாள். உள்ளே பொத்தான் அளவு கறுப்பு ஒலிப்பானுக்குப் போகும் இரண்டு கம்பிகளும் நறுக்கப்பட்டு, முனைகள் தனித்தனியாக வெள்ளை மருத்துவ நாடாவால் சுற்றப்பட்டிருந்தன. சுத்தமான வேலை. நாடாவின் ஓரம் உள்பக்கம் மடித்து ஒட்டப்பட்டிருந்தது. ஊசிக்குழாயை நோயாளியின் கையில் நிறுத்தும்போது அவள் கணவன் அப்படித்தான் மடிப்பான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். குளிர்காலத்தில் சலவை இயந்திரம் துவைத்து முடித்ததைச் சொல்வது நின்றுபோயிருந்தது. அதன்பின் மைக்ரோவேவ். குளிர்பெட்டிக் கதவைத் திறந்துவைத்தால் முனகும், அதுவும் இல்லை. போன மாதம் காரில் பெல்ட் போடாமல் வெகுதூரம் ஓட்டிவிட்டாள், கார் எச்சரிக்கவேயில்லை. ஒவ்வொன்றையும் பழுது என்றே எடுத்துக்கொண்டாள். வீடு ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டு வந்திருந்தது.

வார்விக் நோஸ்கி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான், அல்லது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். இரவு வேலை முடித்து வந்தவன். ஜன்னலில் பழைய கம்பளி ஆணியடிக்கப்பட்டிருந்தது. நாற்பத்தொன்பது வயது. ஆம்புலன்ஸ் வேலையில் இருபத்திரண்டு வருஷம், அதில் பதினொன்று யாங்கூனாவில். எங்கள் ஊரில் ஒரு ஷிப்டுக்கு ஒரே வண்டி, அதில் இரண்டே பேர். மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் யார் விழுந்தாலும், யாருக்கு வலி எடுத்தாலும், பாதிக்குப் பாதி அவன் கைதான் முதலில் படும்.

அவள் அவனை எழுப்பவில்லை. ரொட்டிக் கத்தியால் கேக்கின் மேல்பகுதியைச் சீவி எறிந்துவிட்டு மீதியைத் துணியால் மூடி வைத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஷெல்லி பாஸ்கோ வந்தாள். வார்விக்குடன் ஒரே வண்டியில் போகிறவள், முப்பத்துநான்கு வயது. வார்விக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வந்தாள் என்பது அவள் சீருடையில்லாமல் பின்வாசல் வழியாக நுழைந்ததிலேயே தெரிந்தது. மெரிடித் தேநீர் வைத்தாள், சீவிய கேக்கை வெட்டினாள். மேலே தூவிய பொடி எங்கே, வார்விக் தனியாகத் தின்றுவிட்டானா என்று ஷெல்லி கேட்டாள். மெரிடித் அடுப்புக் கதையைச் சொன்னாள். ஷெல்லி கேக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"மெர், உங்க வீட்டு அடுப்பு மட்டும் இல்ல," என்றாள். "போன வியாழக்கிழமை ஒரு பெரியவர். நெஞ்சுவலி. நான் ஓட்டறேன், அவன் பின்னாடி உக்காந்திருக்கான். ஆஸ்பத்திரியில இறக்கும்போது பாக்கறேன், மானிட்டர்ல அலாரம் மொத்தமா அணைஞ்சிருக்கு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இவன் கண்ணை எடுக்காம திரையவே பாத்துட்டு வந்திருக்கான். நாப்பது நிமிஷம். காதால கேக்கவேண்டியத கண்ணால பாத்துட்டு வந்திருக்கான். என்ன சொல்றதுன்னே தெரியல. திட்டவும் முடியல. அந்தப் பெரியவர இவனைவிட நல்லா யாரும் பாத்திருக்க முடியாது. ஆனா இவன் ஒரு தடவ தும்மினாப் போதும், மெர். ஒரே ஒரு தும்மல்."

ஷெல்லி தேநீரை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் இதை மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கணும். அன்னிக்கே கொடுத்திருக்கணும். இன்னிலேருந்து இந்த வாரம் முழுக்க அவனை வண்டியில ஏத்தல, முதுகு பிடிச்சிருக்குன்னு சொல்லி வேற ஆளப் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் என் வாயை மூடிக்கறேன். அதுக்குள்ள அவனே ஒரு வைத்தியத்துக்குப் போய் நின்னான்னா ஒரு மாதிரி. நான் போய்ச் சொன்னா அது வேற மாதிரி. அப்புறம் அவன் திரும்பி வரமாட்டான்."

எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறான் என்று மெரிடித் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

ஷெல்லி சுருக்கமாகச் சொன்னாள். போன வருஷ அறுவடை. ஓடைப் பள்ளத்தில் கவிழ்ந்த கோதுமை லாரி. கவிழ்ந்ததில் பிரேக்குக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாய் அறுந்துவிட்டது. காற்றழுத்தம் குறைந்தால் லாரிக்குள் ஒரு எச்சரிக்கைச் சத்தம் வரும், சாவியை அணைக்கும்வரை நிற்காது. சாவி நசுங்கிய இரும்புக்குள் இருந்தது. பாட்டரிப் பெட்டி மண்ணுக்கு அடியில். ஓட்டி வந்த பெண்ணை வெளியே எடுக்க ஒரு மணி நாற்பது நிமிடம். அவ்வளவு நேரமும் அது கத்திக்கொண்டிருந்தது. அவளுடன் உள்ளே ஊர்ந்துபோய்ப் படுத்திருந்தது வார்விக்தான்.

அந்தப் பெண் டாம்சின் பெர்ரின். இருபத்தேழு வயது. மாமன் நிலத்துக் கோதுமையை ஏற்றிக்கொண்டு ரயில்பாதை ஓரத்துத் தானியக் கிடங்கான சைலோவுக்கு வருகிறவள். சைலோவில் லாரி லாரியாக வரும் தானியத்தைச் சோதித்துத் தரம் சொல்வது மெரிடித்தின் வேலை. நீளக் குழாயை லாரியின் முன்னால், நடுவில், பின்னால் என்று பல இடத்தில் இறக்கித் தானியத்தை உறிஞ்சி எடுத்துத் தகரக் குவளையில் கலந்து பார்க்கவேண்டும். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டரைக்கு மேல் இருந்தால் உள்ளே விடக்கூடாது. குவியல் சூடாகிக் கெட்டுப்போகும். எல்லைக்கு அருகில் வந்தால் இரண்டாம் முறை சோதிக்கலாம். இரண்டுக்கு மேல் கிடையாது. அன்று காலை எட்டு இருபதுக்கு டாம்சினின் லாரி பன்னிரண்டு புள்ளி எட்டு காட்டியது. இரண்டு முறையும். இன்னொரு தடவ பாரேன் என்று டாம்சின் கேட்டாள். மெரிடித் முடியாது என்றாள். திருப்பிக் கொண்டுபோய்க் காய்ந்த கோதுமையுடன் கலந்து கொண்டுவா என்று அனுப்பினாள். வருஷத்துக்கு நூறு லாரியை அப்படித் திருப்பியிருக்கிறாள். டாம்சின் சிரித்துக்கொண்டேதான் போனாள். முப்பது கிலோமீட்டரில் ஓடைப் பள்ளம்.

இது சைலோவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. வார்விக்குக்குத் தெரியாது என்று மெரிடித் நம்பினாள். தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் பதினொரு மாதமாக அந்தப் பெயரை வீட்டுக்குள் உச்சரிக்காமல் பார்த்துக்கொண்டாள். அவன் காப்பாற்ற முடியாமல் போனவளைப் பள்ளத்துக்கு அனுப்பியது தன் கைதான் என்று தெரிந்தால், அந்தக் கையிலிருந்து அவன் எப்படிச் சாப்பாடு வாங்கித் தின்பான்?

புதன்கிழமை அவனை டாக்டர் அடேயெமியிடம் கூட்டிப்போனாள். ஷெல்லி வைத்த கெடுவைச் சொன்னதும் அவன் மறுக்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தான். டாக்டர் நிறையக் கேட்டார், அவன் கொஞ்சம் சொன்னான், அவர் அதிகம் புரிந்துகொண்டார். அடிலெய்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் இவனைப்போன்ற அவசரப் பணிக்காரர்களுக்கென்றே மூன்று வாரம் உள்ளே தங்கிப் பெறும் சிகிச்சை இருக்கிறது, திங்கட்கிழமை ஒரு படுக்கை காலியாகிறது, வெள்ளி மதியம் வரை பிடித்து வைக்கச் சொல்கிறேன் என்றார். காப்பீடு அதற்குள் உறுதியாகவேண்டும். அவர்களிடம் இருந்தது மலிவான காப்பீடு. மனநோய்க்கு உள்ளே படுத்தால் அது ஒப்புக்குத்தான் ஏதாவது கொடுக்கும்.

வேலையிடத்திலேயே நஷ்டஈடு கேட்கலாம். அதற்கு எந்த நாள், எந்த விபத்து, யார் என்று எழுதிக்கொடுக்கவேண்டும். அவர்கள் வைத்தியர் வந்து விசாரிப்பார். ஓடைப் பள்ளத்தை எழுதமாட்டேன் என்று வார்விக் சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. வேலையிடம் ஏற்பாடு செய்த மனநல ஆலோசகருடன் தொலைபேசியில் ஒருமுறை பேசியிருக்கிறான். முக்கால் மணி நேரமும் கால்பந்துதான் பேசினானாம். அந்த அம்மாவுக்கும் அதே அணிதான் பிடிக்கும், நல்ல பொம்பளை என்றான்.

எனவே மிஞ்சியது ஃபண்டு. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்கள் அப்படித்தான் அதைக் கூப்பிடுவார்கள். அவசரப் பணிக்காரர்கள் தங்களுக்குள் சேர்ந்து நடத்தும் மருத்துவக் காப்பீட்டு நிதி. லாபத்துக்கு நடப்பதல்ல, முதலாளி கிடையாது, மிஞ்சுவது உறுப்பினருக்கே திரும்பும் என்று அதன் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருந்தது. ஆம்புலன்ஸ் நிலையத்தின் தேநீர் மேசையில் வருஷக்கணக்காகக் கிடக்கும் கையேடுதான். அதன் மேல் கோப்பை வட்டங்கள்.

"அதுல ஆம்புலன்ஸ் செலவும் சேத்தி," என்று மெரிடித் வாசித்துக் காட்டினாள்.

"ரொம்ப நல்லது," என்றான் வார்விக். "எனக்கு ஏதாவதுன்னா நீ ஆம்புலன்ஸ கூப்பிடுவ. யாரு வருவா? ஷெல்லியும் நானும். நான் கிளம்ப லேட்டாகும், கீழ விழுந்து கிடப்பேன்ல."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அதெல்லாம் நிஜமாகவே உடம்பு சரியில்லாதவர்களுக்கு, நான் பச்சை அட்டை என்றான். பெரிய விபத்தில் அடிபட்டவர்களின் கழுத்தில் நிறம் பார்த்து அட்டை மாட்டுவார்கள். பச்சை என்றால் நடக்கிறான், காத்திருக்கட்டும் என்று அர்த்தம். டாக்டர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியவன் வீட்டுக்கு வந்ததும் தன் கழுத்தில் பச்சையை மாட்டிக்கொண்டு காத்திருக்கும் வரிசையின் கடைசியில் போய் நின்றுவிட்டான். வற்புறுத்தினால் அங்கிருந்தும் போய்விடுவான் என்று மெரிடித்துக்குத் தெரியும்.

அவள் ஃபண்டைத் தனக்குத் தெரிந்த வழியில் சோதித்தாள். லாரியில் மேலாகத் தெரியும் தானியத்தைப் பார்த்துத் தரம் சொல்லக்கூடாது. நல்லதை மேலே தூவிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கையேடு மேல்தானியம். அதை மூடி வைத்துவிட்டு மூன்று இடத்தில் குழாயை இறக்கினாள்.

முதலில் பீரி துறைமுகத்துத் தீயணைப்புக்காரர் ஒருவர், ஷெல்லியின் சித்தப்பா முறை. முழங்காலுக்கு இரண்டு அறுவை. மருத்துவமனைச் செலவு முழுதும் கொடுத்தார்கள், மயக்க மருந்து கொடுத்தவரின் கட்டணத்தில் ஒரு பகுதி என் தலையில் விழுந்தது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றார். திங்கட்கிழமை காலையில் மட்டும் கூப்பிடாதே, சனி ஞாயிறில் உடைந்தவனெல்லாம் திங்கட்கிழமை வரிசையில் நிற்பான், தொலைபேசியில் காக்கவைத்துப் போடும் பாட்டைக் கேட்டுக் கேட்டே பல்வலி வந்துவிடும், நல்லவேளை பல்லுக்கும் கொடுக்கிறார்கள் என்றார்.

இரண்டாவது, மாதக் கட்டணம். இப்போது கட்டுவதைவிட ஏறக்குறைய இருமடங்கு. ஐந்து வருஷத்து ஆண்டறிக்கைகளைத் தேடி எடுத்து வாசித்தாள். மற்ற இடங்களைவிட மெதுவாகத்தான் ஏறியிருந்தது. இதைப் பச்சைப் பேனாவால் குறித்தாள். அடிலெய்டில் இந்தச் சிகிச்சைக்கு அவர்களுடன் ஒப்பந்தம் உள்ள மருத்துவமனை இரண்டேதான். அதைச் சிவப்பில் குறித்தாள். டாக்டர் சொன்ன இடம் அந்த இரண்டில் ஒன்று.

மூன்றாவது ஐலீன் ஹாக்ஸ். போலீஸ்காரராக இருந்த கெவினின் விதவை, மலைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறவள். இருபது வருஷமாக இந்த வட்டாரத்துக் குழந்தைகள் நீச்சல் கற்றது அவளிடம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் தொலைபேசியில் பேசினார்கள். வெளியே கிளிக்கூட்டம் சைலோவை நோக்கிக் கத்திக்கொண்டு போனது. தரையில் சிந்தும் தானியத்துக்காக அவை எப்போதும் அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடும்.

ஃபண்டு எப்படி என்று மெரிடித் கேட்டதும் ஐலீன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

"கெவினுக்கு உள்ள படுக்கச் சொன்னப்ப அவன் முதல்ல கேட்டது என்ன தெரியுமா கண்ணு? வீட்டு ஜாமான் பாலிசிய புதுப்பிச்சாச்சான்னு. தன்னைத் தவிர எல்லாத்தையும் பாத்துப்பான்."

"பணம் ஒழுங்கா வந்துதா?"

"வந்துது. மூணு தடவ படுத்தான், மூணு தடவையும் வந்துது. ஒரு பேப்பர் மட்டும் தொலைச்சுட்டாங்க, ரெண்டு மாசம் அலையவிட்டாங்க. அதெல்லாம் உண்டு. ஆனா ஃபோனை எடுக்கறவங்க நம்பர் கேக்கறதுக்கு முன்னாடி பேரக் கேட்டாங்க. அது எனக்குப் பிடிச்சுது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "காப்பாத்திச்சான்னு கேக்கறியா? அவன் நாலாவது தடவ போகல. போயிருந்தா அதுக்கும் கொடுத்திருப்பாங்க. ஃபண்டு அனுப்பாது கண்ணு. போறவனுக்குத்தான் கொடுக்கும்."

மெரிடித் தன் தாளில் எந்த நிறத்திலும் அதைக் குறிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஃபண்டைக் கூப்பிட்டாள். வார்விக் சமையலறை மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தடவி முடித்துத் தின்னாமல் அடுத்ததை எடுத்தான். காற்று நின்றிருந்தது. வீடு சத்தமில்லாமல் இருந்தது. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

எடுத்தவர் ராஸ் கில்டியா என்றார். முப்பத்தொரு வருஷம் தீயணைப்பில் இருந்துவிட்டு இப்போது இங்கே தொலைபேசி எடுப்பதாகவும், இதில் புகை கம்மி என்றும் சொன்னார். மெரிடித் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். மயக்க மருந்துக்காரரின் கட்டணம். இரண்டு மருத்துவமனை. காத்திருப்புக் காலம். புதிதாகச் சேர்ந்தால் மனநோய்ச் சிகிச்சைக்கு இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும், ஆனால் ஏற்கெனவே எங்காவது மருத்துவமனைக் காப்பீட்டில் இருந்து அந்த இரண்டு மாதத்தைக் கழித்தவர்கள் உயர்ந்த திட்டத்துக்கு மாறும்போது ஆயுளில் ஒரே ஒருமுறை அந்தக் காத்திருப்பில்லாமல் நுழையலாம் என்றார். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த ஒருமுறையை உங்கள் கணவர் இன்னும் பயன்படுத்தவில்லை, திங்கட்கிழமையே படுக்கலாம்.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்," என்றாள் மெரிடித். "உங்ககிட்ட இருக்கற எல்லாரும் ஒரே வேலை செய்யறவங்க. ஒரே இடத்துல அடிபடறவங்க. ஒரு பெரிய தீ வந்து எல்லாரும் ஒரே நோயோட ஒரே மாசத்துல வந்து நின்னா?"

"வந்திருக்காங்க. ரெண்டு தடவ. கட்டணம் கொஞ்சம் ஏறிச்சு. யாரும் விட்டுட்டுப் போகல. வேற காப்பீட்டுல நாம செலவுக் கணக்க ஏத்திவிடற ஆளுங்கம்மா. இங்க நாம மட்டுந்தான் இருக்கோம்."

அவள் தாளில் குறித்துக்கொண்டாள். வார்விக்குக்கு மட்டும் உயர்ந்த திட்டம், தான் பழைய மலிவுக் காப்பீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள். ராஸ் படிவத்தை ஆரம்பித்தார். முகவரி, பிறந்த தேதி, பணி எண். மெரிடித்தே சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு ராஸ், சேருகிறவர் தன் வாயால் சம்மதம் சொல்லவேண்டும், அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்றார்.

வார்விக் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தான். எழுந்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். கால் நாற்காலியிலிருந்து விலகியும்விட்டது.

"வணக்கம் வார்விக். ராஸ் பேசறேன். என்ன நிலவரம்?"

அது வெறும் குசலம். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக மருத்துவமனை வாசலில் தள்ளுவண்டியுடன் நிற்கும்போது உள்ளேயிருந்து வருகிறவர்கள் அவனிடம் கேட்பதும் அதே கேள்விதான். அதற்கு ஒரே ஒரு வகையில்தான் பதில் சொல்லிப் பழக்கம். யார், எப்படி நடந்தது, என்ன காயம், என்ன அறிகுறி, என்ன செய்தோம், ஒவ்வாமை, மருந்து, முந்தைய நோய், மற்றவை. வரிசை மாறாது. ஒப்படைக்கிறவன் முடிக்கும்வரை கேட்கிறவர்கள் குறுக்கே பேசக்கூடாது. வார்விக்கின் முதுகு நிமிர்ந்தது. குரல் மாறியது. அந்தக் குரலை மெரிடித் வீட்டுக்குள் கேட்டதேயில்லை.

"ஆண். நாப்பத்தொம்பது வயசு. நடந்து வந்தாரு," என்றான்.

மறுமுனையில் ராஸ் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டது கேட்டது. பிறகு, "கேட்டுட்டிருக்கேன்," என்றார்.

"பதினொரு மாசத்துக்கு முன்னாடி லாரி கவுந்த இடத்துல வேலை. நசுங்கின கேபினுக்குள்ள ஒரு மணி நாற்பது நிமிஷம். வெளிக்காயம் இல்ல. தூக்கம் ரெண்டு மணி நேரம், விட்டு விட்டு. ஒம்பது கிலோ இறங்கியிருக்கு. இடது கை நடுக்கம், ஊசி போடறப்ப இல்ல, போட்டு முடிச்சப்புறம். இல்லாத எச்சரிக்கைச் சத்தம் கேக்குது. வீட்டுல அஞ்சு சாதனத்த அணைச்சுப் பாத்தாச்சு. பலன் இல்ல. அதே பள்ளத்த தனியா தாண்டறப்ப ரெண்டு தடவ சீட் பெல்ட்டை அவுத்திருக்காரு. ரெண்டு தடவையும் திரும்ப மாட்டியிருக்காரு."

மெரிடித்தின் கை தாளின் மேல் இருந்தது. தாள் கசங்கியது.

"ஒவ்வாமை பென்சிலின். மருந்து எதுவும் இல்ல. முன்னால தோள்பட்டை அறுவை ஒண்ணு. மற்றவை."

நிறுத்தினான். குளிர்பெட்டியின் உறுமல் நின்று, தொடங்கியது. ராஸ் காத்திருந்தார்.

"மற்றவை," என்றான் மறுபடியும். "உள்ள மாட்டியிருந்தவங்க கடைசி வரைக்கும் பேசிட்டிருந்தாங்க. நோயாளியோட மனைவிக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க. பதினொரு மாசமா சேக்கல."

"என்ன சேதி?" என்று கேட்டது மெரிடித்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பார்த்துத்தான் சொன்னான். "புள்ளி மூணு, நம்பமுடியுதா, வெறும் புள்ளி மூணுன்னு சிரிச்சா. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, நான் வெளிய வந்ததும் மூணாவது தடவ சோதிச்சே ஆகணும், வரிசையில நிக்கமாட்டேன்னு. கோவம் இல்ல. கிண்டலாத்தான் சொன்னா. எனக்கு அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, மெர். உனக்கு அந்த லாரிதான்னு தெரியாதுன்னு நெனச்சேன். ஒரு நாளைக்கு எத்தனை லாரி. எழுதிக் கொடுத்தா விசாரிப்பாங்க, விசாரிச்சா உன்கிட்ட வருவாங்க."

"தெரியும்," என்றாள் மெரிடித். "அன்னிக்கே தெரியும். நீதான் தெரியாம இருக்கேன்னு நெனச்சேன்."

பதினொரு மாதம் ஒரே பெயரை இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒளித்துவைத்திருந்த வீடு அது. அவள் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். சேதி வந்து சேர்ந்துவிட்டது, அவன் தன் பங்கை முடித்துவிட்டான். ஆனால் அவள் முகத்தை அவன் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாவது தடவ பாத்தேன்," என்றாள். "அவ போய் அரை மணி கழிச்சு. குவளையில மீதி இருந்துது. கொட்டப் போனேன். சும்மா, ஒரு இதுக்கு, மெஷின்ல போட்டேன்."

"எவ்வளவு?"

"பன்னிரண்டரை. சரியா எல்லையில."

வார்விக் வாயைத் திறந்தான். "வெயில்ல இருந்திருக்கும். வடக்குக் காத்து. குவளையில கொஞ்சந்தான், அரை மணியில காஞ்சிருக்கும்."

"இருக்கலாம்."

"மெர்."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். நான் எங்கயும் எழுதல. கொட்டிட்டேன்."

தொலைபேசியிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று மெரிடித் குனிந்து பார்த்தாள். "இருக்கேம்மா," என்றார் ராஸ். "நீங்க பேசுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும். கார் சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?"

வார்விக் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து வெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மெரிடித் அதை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதை அவள் ராஸிடம் சொன்னாள். திங்கட்கிழமை யார் ஓட்டிக்கொண்டு வருவார்கள் என்று கேட்டார். ஷெல்லி ஓட்டுவாள் என்று வார்விக்கே சொன்னான், அவள் வளைவுகளில் மோசம், ஆனால் பரவாயில்லை என்றான். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று ராஸ் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். தட்டச்சு செய்யும் ஒலி. பத்தரைக்கு முன்பே மருத்துவமனைக்கான உறுதி எண்ணை ராஸ் மெதுவாக இரண்டு முறை சொன்னார். மெரிடித் கசங்கிய தாளை நீவி எழுதிக்கொண்டாள். எழுத்து கோணலாக வந்தது.

"இதுல ஒரு பேர்தான் போட்டிருக்கேன்," என்றார் ராஸ். "முடிக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன். ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

மெரிடித் தாளிலிருந்த கட்டண வரியைப் பார்த்தாள். திங்கட்கிழமை இந்த வருஷ அறுவடைக்குச் சைலோ திறக்கிறது. ஆறரைக்கு முதல் லாரி நிற்கும். குழாயை யாரிடமாவது கொடுத்தாகவேண்டும்.

"ரெண்டு பேருக்கும்," என்றான் வார்விக்.

அவள் மறுக்கவில்லை. பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாள். உங்களைப் பற்றி வேறெதுவும் நான் கேட்கவேண்டியதில்லை, படிவத்தில் அதற்கு இடமும் கிடையாது என்றார் ராஸ். தெரியும் என்றாள். தொலைபேசியை அணைத்துவிடலாமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், கொஞ்சம் இருங்கள் என்றாள்.

பிறகு நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய் அவனுக்கு எதிரே, முட்டி முட்டியில் படும்படி உட்கார்ந்தாள்.

"பெண்," என்றாள். "நாப்பத்தேழு வயசு."

வார்விக் குறுக்கே பேசவில்லை.